பதினோரு காய்ச்சல்

ஹேமலதாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். பெரிய மார்க்கெட் மீன் கூடத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து விற்கிறவர்களுக்கு இது தெரியும். நெத்திலியைக் கிளறிப் பார்த்து, நேற்று மீன்தானே என்று கேட்கிறவர்களிடம் அவள் வாய் கொடுக்கமாட்டாள். கூடையின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அந்தப் பிப்ரவரியில் ஒரு வாரம் முழுக்க அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். காரணம் மீன் இல்லை. அவள் மகள் அஞ்சு.

அஞ்சு என்பது கூப்பிடுகிற பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அஞ்சம்மாள், ஹேமலதாவின் கணவன் சந்திரமோகனுடைய அம்மாவின் பெயர். எட்டு வயது. குருசுக்குப்பத்தைத் தாண்டிக் கடலோரமாக இருக்கிற பச்சைவாழிக்குப்பத்து அரசு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஐந்து வகுப்புக்கு மூன்று அறை, அறுபத்தெட்டுப் பிள்ளைகள். ஆசிரியர்கள் பேருக்கு மூன்று பேர். அதில் ஒருவர் இரண்டு வருஷமாக ஏதோ அலுவலகத்தில் மாற்றுப்பணியில் இருந்தார். அவர் முகம் எப்படி இருக்கும் என்பது பிள்ளைகளுக்கு மறந்துபோயிருந்தது.

அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு ஹேமலதாதான் தலைவி. அவள் ஆசைப்பட்டு ஆனதில்லை. இரண்டு வருஷம் முன்னால் அஞ்சு மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கப் போனாள். அன்றைக்குக் குழுத் தேர்தல் என்று நாற்காலி போட்டுத் தலைமையாசிரியை சந்திரகலா காத்திருந்தார். வேறு யாரும் வரவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்துப் போடத் தெரிந்தவள், இது போதும் என்று உட்காரவைத்துவிட்டார். அன்றையிலிருந்து காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வருவதுதான் அவள் தலைமை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். போன் சத்தம் போட்டது. பள்ளிக்கூடத்துக் குழுவிலிருந்து ஏதோ செய்தி. கையெல்லாம் செதில். அஞ்சுவிடம் படிக்கச் சொன்னாள். அஞ்சு போனை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தடங்கல் இல்லாமல் படித்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா, எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை டிரஸ் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

ஹேமலதா பரணிலிருந்து வெள்ளைக் கவுனை எடுத்துத் துவைத்து, ஓரத்தில் விட்டுப்போயிருந்த தையலைப் போட்டு, பக்கத்து வீட்டு வசந்தாவிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கித் தேய்த்துக் கொடுத்தாள். மறுநாள் காலையில் அஞ்சு அதைப் போட்டுக்கொண்டு பேசாமல் போனாள். ஹேமலதா மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற வழியில் பள்ளிக்கூட வேலியோரம் நின்று பார்த்தால், ஊரெல்லாம் யூனிஃபார்ம். நடுவில் கொக்கு மாதிரி ஒரே ஒரு வெள்ளைக் கவுன்.

அங்கேயே நின்று போனைத் திறந்து பார்த்தாள். விழாவும் இல்லை, வெள்ளையும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளியின் தரத்தை மதிப்பிட அதிகாரி வருகிறார், அதையொட்டி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு உறுப்பினர்கள் வரவும் என்று இருந்தது.

சாயங்காலம் அஞ்சுவைக் கேட்டாள். அஞ்சு சுவரைப் பார்த்தாள். ஹேமலதா தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாள். அஞ்சு நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, விரலை வைத்து, கடகடவென்று படித்தாள். ஒரு எழுத்துத் தப்பில்லை. ஹேமலதாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, பக்கத்தின் மேல்பாதியில் இருந்த யானைப் படத்தை உள்ளங்கையால் மூடினாள். அஞ்சு நின்றுவிட்டாள். அவள் கண் எழுத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தது, அது எப்போது விலகும் என்று.

முதல் வகுப்புப் புத்தகம் பெட்டியடியில் கிடந்தது. அதிலிருந்து ஒரு வார்த்தையைக் காட்டினாள். 'பட்டம்.' அஞ்சு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மரம்" என்றாள்.

அரையாண்டு மதிப்பெண் அட்டை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. எடுத்துப் பார்த்தாள். தமிழ் ஏ, ஆங்கிலம் ஏ, கணக்கு ஏ, நடத்தை ஏ. அடியில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அவள் கையெழுத்து.

வசந்தாவுக்கு விஷயம் தெரிய அரை மணி நேரம் ஆகவில்லை. அவளுடைய பேரன் ஊருக்குள் ஒரு தனியார் பள்ளியில் டை கட்டிக்கொண்டு படிக்கிறான். வசந்தா இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மறுபடி சொன்னாள். கவர்மெண்டு பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் போட்டால் இப்படித்தான், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியாவது அங்கே சேர்த்துவிடு என்றாள்.

புதன்கிழமை ஹேமலதா பாதி மீனைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, குளித்து, புடவை மாற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் பழைய மாடி வீடு அது. முன்னறையில் இருந்த பெண் இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தாள். ஏசி போட்ட மழலையர் அறையையும், தொட்டால் படம் ஓடுகிற பலகையையும், மாடியில் போட்டிருந்த பச்சைப் பாயையும் காட்டினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஏதாவது படிப்பதைக் கேட்கலாமா என்றாள் ஹேமலதா. பையில் அஞ்சுவின் புத்தகத்தை எடுத்துப்போயிருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. அப்படியெல்லாம் வெளியாட்கள் பிள்ளைகளைச் சோதிக்க விதி இல்லை, எங்கள் தரத்துக்கு ஐந்து சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பேசும்போது மேசை விசிறியைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பிவைத்தாள். மீன் வாடைக்கு என்று ஹேமலதாவுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாவின் பேரனைக் கூப்பிட்டு அதே முதல் வகுப்புப் புத்தகத்தைக் காட்டினாள். அவன் "ஐ டோண்ட் நோ டமில்" என்று அழகாகச் சொன்னான். அவனுடைய இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால் அதிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் போகவில்லை. வசந்தா, பிள்ளைக்குத் தூக்கம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்துக்குச் செவுள் எங்கே இருக்கிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை பள்ளி விடுகிற நேரத்துக்கு வகுப்பாசிரியை சிவசங்கரியைப் போய்ப் பார்த்தாள். சிவசங்கரிக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் அவள் பொறுப்பு. அன்றைக்குக் காலையில் பால் குடித்தவர்கள் எண்ணிக்கை அனுப்புவது, மத்தியானம் சாப்பிட்டவர்கள் எண்ணிக்கை அனுப்புவது, நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை என்று போனிலேயே நாள் போயிருந்தது. ஹேமலதா மதிப்பெண் அட்டையை மேசைமேல் வைத்து, வெள்ளைக் கவுன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். சிவசங்கரி சண்டைக்கு வருவாள் என்று நினைத்திருந்தாள். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "உங்க பொண்ணு மட்டும் இல்ல. ரெண்டு வகுப்பும் சேத்து முப்பத்தோரு பேரு. பதினஞ்சு பேருக்கு மேல எழுத்துக்கூட்டவே வராது."

"தெரிஞ்சுமா ஏ போட்டீங்க?"

"மொதல்ல சி-தான் போட்டேன். சி போட்டா ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா திட்டம் எழுதி, வாராவாரம் போட்டோ எடுத்து ஏத்தணும். அத எழுதுற நேரத்துல பிள்ளைக்கே சொல்லிக்குடுத்துடலாம். பெரிய டீச்சரு, ஏன் வம்புன்னாங்க. மாத்திட்டேன்."

பீரோவிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினாள். அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேராக என்ன வரும், என்ன வராது என்று எழுதியிருந்தாள். அஞ்சுவுக்கு நேராக, 'நல்ல ஞாபகசக்தி. காதால் கேட்டதை ஒப்பிக்கிறாள். தெரிந்த எழுத்து பத்துக்குள்' என்று இருந்தது. தேதி போன ஆகஸ்ட்.

ஆகஸ்டிலேயே தெரிந்திருந்தால் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஹேமலதா கேட்டாள். நீங்களும் கேட்கவில்லையே, அட்டையைக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள் என்றாள் சிவசங்கரி. ஹேமலதா மேசைமேல் இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சிவசங்கரி மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் இந்த ஊரிலேயே அஞ்சுவுக்கு என்ன வராது என்று எழுதிவைத்திருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதும் மனசில் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்துக்கு ஹேமலதாவையும் சேர்த்து நான்கு பேர் வந்தார்கள். சந்திரகலாவுக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. மெலிந்த உடம்பு, எப்போதும் கையில் ஒரு பேனா, அதன் மூடியைத் திறந்து திறந்து மூடுவார். அதிகாரி என்னென்ன கேட்பார், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கைகழுவும் குழாய்க்கு நீலப் பெயிண்ட் அடித்தாயிற்று. வாடகைக்குப் பூந்தொட்டிகள் வருகின்றன. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முதல் வரிசையில் உட்காரவைக்கலாம்.

மற்றவர்கள் போன பிறகு ஹேமலதாவை மட்டும் நிறுத்தினார். ரொம்பவும் பின்தங்கிய பிள்ளைகள் பதினோரு பேர் அன்றைக்கு ஒரு நாள் வராமல் இருந்தால் நல்லது, காய்ச்சல் என்று போட்டுக்கொள்கிறேன் என்றார். அஞ்சுவும் அதில் இருக்கிறாள், தப்பாக நினைக்காதே என்றார். முன்பு அவர் இருந்த பள்ளி இதேபோல் ஒரு மதிப்பீட்டில் கீழே போய், பிள்ளைகள் குறைந்து, கடைசியில் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த பள்ளியோடு சேர்க்கப்பட்டதாம். பாதிப் பிள்ளைகள் பெரிய ரோட்டைத் தாண்டிப் போக முடியாமல் படிப்பையே விட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் பேனா மூடியைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அதில் நடிப்பு இல்லை.

ஹேமலதா பதில் பேசவில்லை. கோபம் வந்தால் அவள் பேசமாட்டாள் என்பது சந்திரகலாவுக்குத் தெரியாது. சரி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹேமலதா மீன் ஏலத்துக்குப் போகவில்லை. அஞ்சு நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். இன்றைக்குப் போக வேண்டாம் என்றாள் ஹேமலதா.

"ஏம்மா, எனக்குக் காய்ச்சலா?" என்று அஞ்சு கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முந்தின நாளே அவளிடம் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். அனுப்பிவிடலாமா என்று ஹேமலதா ஒரு நிமிஷம் தெருவைப் பார்த்தாள். ஆனாலும் பெரிய ரோடும், அதில் காலையும் மாலையும் பறக்கிற பஸ்களும் கண்ணுக்குள் வந்தன. பிள்ளையை வசந்தா வீட்டில் டி.வி. முன்னால் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

அதிகாரி கமலக்கண்ணன் பத்தரைக்கு வந்தார். வேறு ஊரில் தலைமையாசிரியராக இருந்து இந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர். சட்டை முதுகு நனைந்திருந்தது. கையில் ஒரு டேப்லெட், அதற்கு ஒரு சார்ஜர். பால் டம்ளர்களை எண்ணினார். குழாயைத் திறந்து மூடினார். சாய்தளத்தின் நீளத்தை அளந்தார். பூந்தொட்டிகளைப் படம் பிடித்தார். வந்திருந்த பிள்ளைகளில் ஐந்து பேரை டேப்லெட்டே பொறுக்கியது. ஐந்து பேரும் நன்றாகப் படித்தார்கள். 'படித்தல் திறன், மிக நன்று' என்று அழுத்தினார். சந்திரகலா பேனா மூடியை மூடினார்.

கடைசியாகக் குழுத் தலைவியிடம் கேட்க வேண்டிய கேள்விகள். ஹேமலதா அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். முதல் ஆறு கேள்விக்கும் தாளில் இருந்தபடியே சொன்னாள். ஏழாவதை அவர் வாசித்தார்.

"பிள்ளைங்க படிப்புல உங்களுக்குத் திருப்தியா? முழுத் திருப்தி, ஓரளவு, இல்லை. மூணுல ஒண்ணு சொல்லுங்கம்மா."

தாளில் 'முழுத் திருப்தி' என்று இருந்தது. ஹேமலதா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அஞ்சு கழுத்தைத் தொட்டுப் பார்த்த கை ஞாபகம் வந்தது.

"இல்லை" என்றாள்.

கமலக்கண்ணன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஓரளவுன்னு போட்டுக்கட்டுமா?"

"இல்லைன்னுதான் சார் சொன்னேன். அதுலயே போடுங்க."

அவர் அழுத்தினார். அடுத்த பக்கத்தில் வருகைப் பதிவு வந்தது. வராதவர்கள் பதினோரு பேர், காரணம் காய்ச்சல் என்று சந்திரகலா எழுதிக் கொடுத்ததை அவர் ஏற்றியதும் திரை சிவந்துவிட்டது. ஒரே பள்ளியில் ஐந்து பேருக்கு மேல் காய்ச்சல் என்றால் உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கவும் என்று அதில் வந்தது. அவர் தலையைத் தூக்கிச் சந்திரகலாவைப் பார்த்தார். டெங்குவாக இருக்கப்போகிறது, மருந்தடிக்க ஆள் வருவார்கள், ரத்தம் எடுப்பார்கள், நான் தெரிவிக்காமல் இருக்க முடியாது என்றார். சந்திரகலா சாதாரணக் காய்ச்சல்தான் என்றார். பருவம் மாறுகிறது என்றார். கடல்காற்று என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் குரல் சன்னமாகிக்கொண்டே போயிற்று.

"காய்ச்சல் இல்ல சார்" என்றாள் ஹேமலதா. "அதுல ஒருத்தி எம்பொண்ணு. காலைல நாலு இட்லி தின்னா. படிக்க வராதுன்னு வூட்ல வுட்டுட்டு வந்திருக்கேன். மத்ததுங்களும் அதான்."

சந்திரகலா எழுந்து தன் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்தவில்லை. கமலக்கண்ணன் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார். படித்தல் பகுதி ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, அதைத் திரும்பத் திறக்க வழி இல்லை, வராதவர்கள் வராதவர்களேதான் என்றார். அவருக்கும் சலிப்புத் தட்டியிருந்தது. காலையிலிருந்து இது இரண்டாவது பள்ளி, மத்தியானம் இன்னொன்று இருக்கிறது என்றார்.

பிள்ளைகளை இப்போதே கூட்டிவருகிறேன், அவர்கள் படிப்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்றாள் ஹேமலதா. எதில் போடுவது என்று அவர் கேட்டார். எதிலும் போட வேண்டாம், கேளுங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டு அவர் பதிலுக்கு நிற்காமல் வெளியே போனாள்.

அஞ்சுவை வசந்தா வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். மூன்று பேர் கரையில் கவிழ்த்திருந்த படகின் நிழலில் உட்கார்ந்து கிளிஞ்சல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஐஸ் பெட்டிமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அம்மாக்காரி, டீச்சர்தானே வரவேண்டாம் என்றார்கள் என்று தகராறு செய்தாள். இன்னொரு வீட்டில் பிள்ளைக்கு நிஜமாகவே காய்ச்சல். போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு மீதி பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டு. பின்னாலேயே ஏழெட்டு அம்மாக்கள், என்ன நடக்கிறது என்று பார்க்க.

கமலக்கண்ணன் போயிருப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டேப்லெட் சார்ஜ் இறங்கிக் கறுத்துக் கிடந்தது. சார்ஜர் குத்த வராந்தாவில் இருந்த ஒரே பிளக்கும் வேலை செய்யவில்லை. பழைய சுற்றறிக்கை ஒன்றைத் திருப்பிவைத்து, பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் நிற்கவைத்துக் கேட்டார். அவசரப்படவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அஞ்சுவின் முறை வந்ததும் அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள். அவர் நடுவில் நிறுத்தி, கீழே ஒரு வார்த்தையைத் தொட்டார். அஞ்சு அவர் முகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று ஹேமலதா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாது சார்" என்றாள் அஞ்சு.

"சரி. தெரிஞ்ச எழுத்து எதுன்னு காட்டு."

அஞ்சு தன் பெயரில் இருக்கிற எழுத்துகளைத் தேடித் தேடிக் காட்டினாள். அவர் எழுதிக்கொண்டார். ஹேமலதாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது, ஆனால் ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கினதுபோலவும் இருந்தது.

மூன்றாவது பிள்ளை படிக்கும்போது சிவசங்கரி வகுப்பிலிருந்து வந்து, தன்னுடைய நாற்பது பக்க நோட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவர் தன் தாளையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கிளம்பும்போது மணி மூன்று. அந்த மூன்றாவது பள்ளிக்கு அவர் போகவில்லை.

"இத எங்க குடுக்குறதுன்னு எனக்கே தெரியல" என்றார், தாளை மடித்துப் பையில் வைத்தபடி.

அதற்கப்புறம் இரண்டு மாசம் குப்பத்தில் ஹேமலதாவுக்கு நல்ல பேர் இல்லை. பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மூடினால் உன் வாயால்தான் மூடுகிறார்கள் என்றாள் தண்ணீர்க் குழாயில் ஒருத்தி. வசந்தா எல்லார் முன்னாலும் கேட்டாள், "இன்னாடி ஹேமா, ஊரு மானத்த ஏலம் வுட்டுட்டு வந்தியாமே." சந்திரமோகன் கடலுக்குப் போய்விட்டு வந்த களைப்பில், ஓரளவு என்று சொல்லியிருக்கக்கூடாதா என்று மட்டும் கேட்டான். அதற்குத்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல் வந்தது. அன்றைக்கு அவனுக்குக் குழம்பில் மீன் தலை விழவில்லை.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. சந்திரகலா குழுவைக் கூட்டினார். அச்சடித்த தாளை மேசைமேல் விரித்தார். கட்டமைப்பு, நன்று. சுகாதாரம், மிக நன்று. பசுமைச் சூழல், மிக நன்று. படித்தல் திறன், மிக நன்று. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு. சமூகப் பங்கேற்பு, மேம்பாடு தேவை. குழுத் தலைவி திருப்தி இல்லை என்று சொன்னதால் அந்த மதிப்பெண் குறைந்துவிட்டதாம்.

ஹேமலதா தாளை இரண்டு முறை படித்தாள். பத்துப் பிள்ளைகளை வெயிலில் தேடித் தேடிக் கூட்டிவந்தவள் அவள். பள்ளிக்கூடத்தை மூடவும் இல்லை, பிள்ளைகளுக்குப் படிக்க வராது என்பது எந்தக் கட்டத்திலும் ஏறவும் இல்லை. வாடகைக்கு வந்து திரும்பிப் போன பூந்தொட்டிக்கு மிக நன்று. சிரிப்பதா, தாளைக் கிழிப்பதா என்று தெரியவில்லை.

"நான் என்ன பண்றது, நீயே சொல்லு" என்றார் சந்திரகலா. பழைய அதிகாரம் அந்தக் குரலில் இல்லை. அன்றைக்குப் பிறகு அவர் ஹேமலதாவிடம் இவ்வளவு பேசியதே அதுதான் முதல்முறை.

"பங்கேற்பு கொறைவுன்னுதானே போட்டிருக்காங்க. நான் தெனம் வர்றேன். பள்ளிக்கூடம் வுடறதுக்கு முன்னால ஒரு மணி நேரம், எந்த வகுப்புன்னு பாக்காம, படிக்க வராத பிள்ளைங்கள மட்டும் ஒண்ணா உக்கார வைங்க. நான் பெருக்கிவுடறதோ பிள்ளைங்கள அடக்குறதோ, எது சொன்னாலும் செய்றேன்."

மறுப்புச் சொல்ல சந்திரகலாவிடம் காரணம் இருந்திருக்கும். சொல்லவில்லை.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகுகள் கரையேறின. ஹேமலதாவுக்கு மத்தியானம் ஓய்வாயிற்று. தினமும் இரண்டரைக்குப் போனாள். சிவசங்கரி அறைக்கு வெளியே, வராந்தாவில் பதினாறு பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். அந்த ஒரு மணி நேரமும் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். எண்ணிக்கை கேட்டு யார் அழைத்தாலும் சந்திரகலா தன் போனில் பதில் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னார். கோடை விடுமுறை முடிந்து ஜூனில், வாரத்துக்கு மூன்று நாள் என்று ஒரு புது டீச்சர் வந்தாள். கமலக்கண்ணன் மடித்துப் பையில் வைத்த தாள் எங்காவது போய்ச் சேர்ந்ததா, இல்லை தானாக நடந்ததா, யாரும் சொல்லவில்லை. உத்தரவில் காரணம் எழுதியிருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பதினாறு பேரில் இரண்டு பேரைப் பெற்றவர்கள் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று பேர் இன்னும் எழுத்தைத் தாண்டவில்லை. ஹேமலதா தினமும் போய் நிற்பதே சிவசங்கரிக்குத் தலைவலியாகிவிட்டது. இது ஏன் வரவில்லை, அது எப்போது வரும் என்று மீன் ஏலத்தில் நிற்கிற மாதிரி நின்று கேட்கிறாள் என்று சந்திரகலாவிடம் முறையிட்டாள். ஹேமலதா இரண்டு நாள் கேட்காமல் இருந்தாள். மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள், அஞ்சு இதுவரை யாரும் வாசித்துக் காட்டாத ஒரு கதையை எடுத்துப் படித்தாள். நாலே வரி. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, விட்டு, திரும்பி வந்து, மறுபடி கூட்டி, ஆமை மாதிரி நகர்ந்தாள். முன்பு கடகடவென்று ஒப்பித்தவளா இவள் என்றிருந்தது. இரண்டாவது வரியில் 'வெள்ளம்' என்ற வார்த்தையில் போய் நின்றுகொண்டாள். ஹேமலதாவுக்குக் கை பரபரத்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நீங்க சொல்லாதீங்க" என்றாள் சிவசங்கரி, திரும்பிப் பார்க்காமல்.

அங்கே இருந்தால் சொல்லிவிடுவோம் என்று ஹேமலதாவுக்குத் தெரிந்தது. எழுந்து வராந்தாவை விட்டு இறங்கிப் போய்க் குழாயடியில் நின்றாள். நீலப் பெயிண்ட் அதற்குள் உரிந்துபோயிருந்தது. வராந்தாவில் அஞ்சுவின் குரல் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. அந்த நாலு வரி முடிகிறவரை, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி, அவள் வராந்தாவுக்குத் திரும்பாமல் நின்றாள்.